ஐ.டி.எஸ். மட்டும் போதாது

பினாங்கு

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய டி.என்.ஏ. வரிசையைப் பார்த்தேன். பாலிக் புலாவ் மிளகாயில் பழ அழுகலை உண்டாக்கும் பூஞ்சைக்குக் 'கொலெட்டோட்ரைக்கம் குளோயோஸ்போரியாய்டிஸ்' என்று பெயர் எழுதியிருக்கிறாய். அதை இப்போதைக்கு அழித்துவிடும்மா. ஐ.டி.எஸ். என்ற ஒரே டி.என்.ஏ. பகுதியை வைத்து, நெருங்கிய இனங்கள் சேர்ந்த அந்தக் கூட்டத்துக்குள் இனம் சொல்ல முடியாது.

2012-இல் ஐ.டி.எஸ். பூஞ்சைகளின் பொது அடையாளப் பகுதியாக ஏற்கப்பட்டது உண்மைதான். பேரினத்தையும் கூட்டத்தையும் அது காட்டிவிடும். அதே ஆண்டில்தான் குளோயோஸ்போரியாய்டிஸ் கூட்டத்தை 22 இனங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் பலவற்றின் ஐ.டி.எஸ். வரிசையில் வித்தியாசமே தெரியாது. அசல் குளோயோஸ்போரியாய்டிஸின் மூல மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி, இத்தாலிய ஆரஞ்சு மரத்தில் எடுத்தது. நம் பக்கத்து மிளகாயில் நீ முதலில் சந்தேகப்பட வேண்டியவை சியாமென்ஸ், ஃபிரக்டிகோலா. இரண்டும் 2009-இல் தாய்லாந்துக் காப்பிப் பழத்திலிருந்து விவரிக்கப்பட்டவை. ஜென்பேங்க் என்ற பொது டி.என்.ஏ. வரிசைத் தொகுப்பில் பழைய பெயரோடு கிடக்கும் பதிவுகள் ஏராளம். அவற்றோடு 99 விழுக்காடு ஒத்துப்போனால் அதற்கு மதிப்பில்லை. மூல மாதிரிகளின் வரிசையோடு மட்டுமே ஒப்பிடு.

முதலில் வளர்ப்பைச் சுத்தம் செய். புண்ணின் ஓரத்தில் 5 மி.மீ. துண்டு வெட்டி, 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசிப் பி.டி.ஏ. (உருளைக்கிழங்கு வளர்ப்பு ஊடகம்) தட்டில் வை. வளர்ந்ததும் ஒற்றை வித்திலிருந்து மறுபடி எடு. இதை விட்டால் இரண்டு பூஞ்சைகள் கலந்து, வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டைச் சிகரம் வரும்; அதைக் கணினி சரிசெய்து தராது.

அடுத்து, இனம் பிரிக்க உதவும் ஜி.ஏ.பி.டி.எச். மரபணுவைப் பெருக்கப் பி.சி.ஆர். போடு. 25 மைக்ரோலிட்டர் கலவை, 10 முதல் 50 நானோகிராம் டி.என்.ஏ., பிரைமர் ஒட்ட 60 டிகிரி, 35 சுற்று. ஏறக்குறைய 250 முதல் 300 எழுத்து நீளப் பட்டை தெரிய வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் டி.என்.ஏ.வைக் கூட்டாதே, பத்து மடங்கு நீர்த்துப் பார். கறுத்த பூஞ்சை இழையின் மெலனினும் பசைச் சர்க்கரையும் பி.சி.ஆர். நொதியைத் தடுக்கும், டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி அளவு விகிதம் குறைந்திருந்தால் அது காரணமாக இருக்கலாம். டி.என்.ஏ. இல்லாத குழாயிலும் பட்டை வந்தால் அன்றைய ஓட்டம் முழுவதையும் தூக்கிப் போடு.

பிறகு அப்மேட், பீட்டா டியூபுலின் என்ற வேறு இரண்டு டி.என்.ஏ. பகுதிகளை எடு. சியாமென்ஸ் பக்கம் பிரிப்பதற்கு அப்மேட்டைத்தான் நான் அதிகம் நம்புவேன். ஒவ்வொரு மரபணுவுக்கும் இன உறவைக் காட்டும் தனி மரம் வரைந்து, ஒன்றோடொன்று முரண்படவில்லை என்று தெரிந்த பிறகே சேர்.

வாழை வாடல் மாதிரிகளுக்கு வேறு வழி: வாடலை உண்டாக்கும் ஃபியுசேரியம் பூஞ்சையில் ஐ.டி.எஸ்.ஸை விட்டு டி.இ.எஃப்.1 மரபணுவை எடு. அது டி.ஆர்.4 என்ற கொடிய வகைதானா என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

விவசாயிக்கும் இது முக்கியம். கொலெட்டோட்ரைக்கத்தின் இன்னொரு கூட்டமான அக்யூடேட்டம் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக்குச் சுலபத்தில் அடங்காது, குளோயோஸ்போரியாய்டிஸ் கூட்டம் பொதுவாக அடங்கும். தவறான பெயர் கொடுத்தால் அவர் பணம் போட்டு வீண் மருந்து அடிப்பார்.

ஜி.ஏ.பி.டி.எச். மரம் தயாரானதும் மூலக் கோப்போடு அனுப்பு.

அன்புடன்,
அம்மா