மேல் மேசைக்கு ஏறும் முன் கைமுதலை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீட்டாட்டத்தில் பணத்தை விட்ட இளைஞர்களைப் பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாவற்றுக்கும் பேராசைதான் காரணம் என்று முடித்திருந்தீர்கள். பேராசை இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆறு வருடம் போக்கர் ஆடி, அதில் ஜெயித்தும் மொத்தமாக விட்டும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்குத் தெரிந்து பணத்தை விட்டவர்களில் பலர் சின்ன மேசையில் நிதானமாக ஆடி நாலு காசு பார்த்தவர்கள்தான். அந்தக் காசோடு பெரிய மேசைக்கு ஏறும்போது அது எத்தனை தோல்வியைத் தாங்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை, அங்கேதான் கவிழ்ந்தார்கள். அந்தக் கணக்கைத் தமிழில் சொல்லித் தர ஆள் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கொழிஞ்சாம்பாறையில் தேங்காய் வியாபாரம் செய்கிறேன். பாலக்காடு மாவட்டம் என்றாலும் வீட்டிலும் கடையிலும் தமிழ்தான். 2020 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆன்லைன் பணச் சூதாட்டத்துக்கு எதிராக அவசரச் சட்டம் வந்தது, ஆந்திராவில் அதற்குச் சில வாரம் முன்பே வந்துவிட்டது. அப்போது அந்தப் பக்கம் போக்கர் ஆப் திறக்காது, எங்கள் பக்கம் திறக்கும். எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டி லாட்டரி வாங்க வருகிறவர்களோடு சேர்ந்து வந்து, டீக்கடை பெஞ்சில் போனைக் கையில் பிடித்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஆரம்பித்தது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேசையில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் தொகைக்குப் பிளைண்ட் என்று பெயர். அதில் பெரியதைப் போல நூறு மடங்கு கட்டி உட்காருவதுதான் வழக்கம், அதுதான் ஒரு பை-இன். இரண்டு ரூபாய் மேசைக்கு 200 ரூபாய். என் கையில் 6,000 இருந்தது, அதாவது 30 பை-இன். ஒன்றரை வருடத்தில் ஐந்து, பத்து ரூபாய் மேசை வரை ஏறி அது 42,000 ஆனது. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் ஒரு நல்ல மாதம் வந்தது, நடுவில் இருந்த மேசையைத் தாண்டி நேராக 25, 50 ரூபாய் மேசைக்குப் போனேன். அங்கே ஒரு பை-இன் 5,000 ரூபாய். என்னிடம் இருந்தது எட்டு.

பதினோரு நாளில் முடிந்துவிட்டது. ஒரு ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மட்டை உரிக்கிற ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், குடோனில் நான் மட்டும், சாக்கு அடுக்கின் மேல் சாய்த்து வைத்த போன். என் கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு ராஜா, எல்லோருக்கும் பொதுவாக மேசை நடுவில் விரிக்கும் சீட்டு ஒன்றுகூட விழும் முன்பே இரண்டு பேரும் மொத்தத்தையும் தள்ளிவிட்டோம். அந்தப் பொதுச் சீட்டுகளில் கடைசியாக ராஜா விழுந்தது, அவருக்கு மூன்று ராஜா ஆனது, நான் தோற்றேன். இரண்டு ராஜாவிடம் இரண்டு ஏஸ் தோற்பது நூற்றில் 18 முறை நடக்கக்கூடியதுதான், என் ஆட்டத்தில் பிழை இல்லை. பிழை அதற்கு அப்புறம் நடந்தது. மிச்சம் ஆறு பை-இன்தான் என்ற நினைப்பு தலையில் ஏறிக்கொண்டது, கட்ட வேண்டிய இடத்தில் சீட்டை மடக்கினேன், மடக்க வேண்டிய இடத்தில் விட்டதைப் பிடிக்கக் கட்டினேன். முதல் குறைந்தவனுக்கு ஆட்டமும் கெட்டுப்போகிறது, இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இனி கணக்கு. ரேக் என்கிற மேசைக் கமிஷன் போக, நூறு ஆட்டத்துக்கு மூன்று பெரிய பிளைண்ட் லாபம் எடுக்கிறவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே நூறு ஆட்டத்தில் சீட்டு விழுகிற விதத்தால் வரும் ஏற்ற இறக்கம் சுமார் 90 பிளைண்ட். லாபம் மூன்று, ஆட்டம் காட்டுவது 90. இதை வைத்துப் போட்டுப் பார்த்தால், லாபத்தில் கை வைக்காமல், மேசையும் மாறாமல் தொடர்ந்து ஆடினாலும், எட்டு பை-இன்னோடு உட்காரும் அந்த நல்ல ஆட்டக்காரர் என்றாவது ஒருநாள் முழுவதையும் இழப்பதற்கு நூற்றுக்கு 55 வாய்ப்பு. 20 பை-இன் இருந்தால் 23. 40 இருந்தால் 5. முதலை இரண்டு மடங்காக்கினால் ஆபத்து வெறும் பாதியாகக் குறைவதில்லை, கால்வாசி என்பது கால்வாசியில் கால்வாசி ஆகிறது. அதுவும் ஜெயிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கணக்கு. தோற்கிற ஆட்டக்காரருக்கு எத்தனை லட்சம் இருந்தாலும் கடைசியில் பூஜ்யம்தான், கொஞ்சம் தாமதமாகும். மேல் மேசையில் எதிராளிகளும் தேர்ந்தவர்கள், அதனால் கீழே மூன்று எடுத்தவர் மேலே இரண்டு எடுத்தாலே பெரிது, அப்போது 20 பை-இன்னுக்கு 23 என்பது 37 ஆகிவிடும்.

பணத்தை விட்டபின் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. மேல் மேசைக்கு 40 பை-இன் சேர்ந்தால்தான் ஏறுவது, 25க்குக் கீழே போனால் அன்றைக்கே இறங்கிவிடுவது. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். பத்து ரூபாய் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஆனால் இறங்கியதால்தான் மறுபடி முதல் சேர்ந்தது. 2000இல் போக்கர் உலகப் போட்டியின் முக்கிய ஆட்டத்தை வென்ற கிறிஸ் பெர்குசன், 2006இல் ஒரு காசும் போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி, ஒரு வருடத்துக்கும் மேல் ஆடி 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, மொத்த முதலில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோகக் கூடாது, பெரிய போட்டி என்றால் 2 சதவீதம், மேசையில் இருக்கும் பணம் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். உலக சாம்பியனே 5 சதவீதம் என்றால் நான் என் முதலில் எட்டில் ஒரு பங்கைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அவர் ஆடிய புல் டில்ட் என்ற ஆன்லைன் போக்கர் தளம் 2011இல் முடங்கியபோது ஆட்டக்காரர்களின் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது, அமெரிக்காவில் திரும்பக் கிடைக்கத் தொடங்கவே 2014 ஆனது. ஆகவே தளத்தில் கிடக்கும் பணத்தையும் சேர்த்துக் கைமுதல் என்று எண்ணக் கூடாது.

வியாபார முதல், வீட்டுச் செலவு, பிள்ளைகள் பீஸ் எதுவும் ஆட்ட முதலோடு கலக்கவே கூடாது. எங்கள் ஊரில் விதைக்காயை யாரும் எண்ணெய்க்கு ஆட்டுவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டு முழுவதையும் தடை செய்து மத்தியச் சட்டம் வந்தது. அதை நான் குறை சொல்லவில்லை, பல குடும்பங்கள் தப்பித்திருக்கும். ஆனால் அதோடு இரண்டு ரூபாய், பத்து ரூபாய் மேசைகளும் போய்விட்டன, ஆட வேண்டும் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. அந்தப் பையன்கள் இப்போது கோவாவுக்கு ரயில் ஏறுகிறார்கள். மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில் ஒன்றுக்கு நான் போனபோது அங்கே இருந்த ஆகச் சின்ன மேசையே 100, 200 ரூபாய் பிளைண்ட், ஒரு பை-இன் 20,000. பத்து ரூபாய் மேசையில் ஆடியவன் ஒரே தாவலில் இருபது மடங்கு மேலே போய் உட்காருகிறான். நேரில் ஆடும்போது மணிக்கு 25, 30 ஆட்டம்தான் நடக்கும், இரண்டு ராத்திரி கண் விழித்தாலும் 500 ஆட்டம். அதில் நல்ல ஆட்டக்காரர் எதிர்பார்க்கக்கூடிய லாபம் 15 பிளைண்ட், ஏற்ற இறக்கம் 200. ஜெயித்து வந்தவன் தன் திறமை என்று நினைக்கிறான், அடுத்த முறை இரண்டு மடங்கு எடுத்துப் போகிறான். இதைவிட மோசம், சில தோப்பு வீடுகளில் கடனுக்கே சீட்டு நடக்கிறது, அங்கே முதல் என்ற பேச்சே கிடையாது, தோற்றால் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

என் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை வந்தான். தோப்புப் பாட்டப் பணத்தில் அவன் பங்கு வந்திருக்கிறது.

"மாமா, கையில ஒண்ணு இருபது இருக்கு. கோவா போக அது போதாதா?"

"ஆறு பை-இன்டா அது. போகாதேன்னு சொன்னா கேக்கமாட்டே, உக்காரு, கணக்குப் போட்டுக் காட்டறேன்."

சரக்கு எழுதும் நோட்டிலேயே போட்டுக் காட்டினேன். ஆறு பை-இன்னும் முழுதாகப் போக நூற்றில் 64 வாய்ப்பு. அதுவும் அவன் நன்றாக ஆடினால். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் இது உண்மைதானா என்று இரண்டு முறை கேட்டான். நான் போட்ட வரியை அவனே ஒரு தடவை போட்டுப் பார்த்தான்.

உங்கள் கட்டுரையோடு இந்த எண்களும் ஒரு கட்டம் போட்டு வந்திருந்தால் அவன் என்னிடம் வரும் முன்பே படித்திருப்பான், அவனைப் போல நிறையப் பேர் உங்கள் பத்திரிகை படிக்கிறார்கள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது தயவுசெய்து கணக்கையும் போடுங்கள். அவன் வெள்ளிக்கிழமை ஷொரணூரில் ரயில் ஏறுகிறான். 20,000 எடுத்துப் போகிறான், மீதி ஒரு லட்சம் அக்கா கணக்கில் இருக்கிறது.

இப்படிக்கு,
தேங்காய் வியாபாரி ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை