பிரேக் ஆயில் பார்த்தாயா பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானே. குட்டிக்குச் சளி விட்டதா? போன் பண்ணினால் "சரிப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. இன்றோடு பதினெட்டு நாள். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், குட்டி தூங்கிய பிறகு படி.

நீ அனுப்பிய கார் படத்தை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். 2003 மாருதி ஜென், வெள்ளை நிறம், எழுபதாயிரம் ரூபாய். நல்ல விலைதான், நானாக இருந்தாலும் அதற்குக் குறைத்துக் கேட்டிருக்க மாட்டேன். படத்தில் காருக்குப் பின்னால் ஒரு பச்சை கேட் தெரிகிறது. நான் அங்கே வந்திருந்தபோது கேட் பழுப்பு நிறமாக இருந்ததாக ஞாபகம். அசோசியேஷனில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள்.

வாங்கும் முன் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று பார்த்தேன் என்றாயே, அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் முங்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்றார்கள். சீட் உறையை மாற்றுவார்கள், தரை விரிப்பை மாற்றுவார்கள், பெல்ட்டின் உள்சுருளை யாரும் கழுவுவதில்லை. அதை நான் உனக்கு எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. நம் பழைய ஃபியட் காருக்கு அடியில் நான் படுத்திருக்கும்போது டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கேட்கும் முன்னாலேயே பதின்மூன்று நம்பர் ஸ்பானரை நீட்டுவாயே, அந்தப் பிள்ளைதானே நீ. உன் அண்ணனுக்கு ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்றுகூட இன்னும் தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வாங்கிய பிறகு எதற்காகச் சொன்னாய்? முன்னாலேயே சொல்லியிருந்தால் ராத்திரி பஸ் பிடித்து வந்து எஞ்சின் கம்ப்ரஷன் பார்த்திருப்பேனே. மாப்பிள்ளையின் பெரிய வண்டி இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்று அம்மா கேட்டாள். ஆபீஸ் போக வசதியாக இருக்கும் என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். ஜென் நல்ல வண்டி. 993 சி.சி., எஞ்சின் முழுக்க அலுமினியம், வண்டியின் மொத்த எடையே சுமார் 750 கிலோதான். அந்த எடைக்கு அந்த எஞ்சின் எப்படி இழுக்கும் என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கியர் வெண்ணெய் மாதிரி விழும். அந்த வண்டியின் உற்பத்தி நின்று பல வருடம் ஆகிறது, ஆனால் சென்னைப் புதுப்பேட்டையின் வண்டிச் சாமான் கடைகளில் தேடினால் கிடைக்காத சாமான் இருக்காது. எந்தத் தெருமுனைப் பட்டறைக்காரரும் கை வைக்கத் தெரிந்தவராக இருப்பார். கம்ப்யூட்டர் இல்லாமல் பேச்சே எடுக்காத புது வண்டியைவிட இது மேல் என்று நான் இன்றும் சொல்வேன். பழைய வண்டி ஓட்டுகிறவனுக்குக் காது கூர்மையாகிவிடும். எந்தச் சத்தம் நேற்று இருந்தது, எது இன்று புதிதாக வந்தது என்று தெரிந்துவிடும். ஃபியட்டில் முன்னால் அந்தச் சின்னக் கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டால் காற்று நேராக முகத்தில் வந்து மோதுமே, நீ அம்மா மடியில் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்து அந்தக் காற்றைக் குடிப்பாய். ராமேஸ்வரம் போனோமே, அப்போது வழியெல்லாம் அப்படித்தான் வந்தாய். எந்த ஏ.சி. வண்டியிலும் அந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

அலுமினியம் என்றேன் அல்லவா, அதில்தான் சூட்சுமம். சூடு தாங்காது. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறினால் அடுத்த சிக்னல் வரை போய்விடலாம் என்று நினைக்காதே, அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிடு. ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் எஞ்சின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிடும். அப்புறம் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சமமாக்கி, கேஸ்கட் மாற்றி, வாங்கின விலையில் கால்வாசி போய்விடும். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம், நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு, வெயில் ஊருக்கு எதற்கு என்று, எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிடுவார்கள். சென்னை போர் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியாததா, குழாயே அடைத்துக்கொள்கிறது, ரேடியேட்டர் என்ன ஆகும்? வால்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல். கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று விற்றவரிடம் கேட்டாயா? பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள். அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், தள்ளினாலும் கிளம்பாது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பின்சீட்டில் குட்டியை வைத்துக்கொண்டு நீ ஏதோ ஒரு மேம்பாலத்தில் நிற்பதாக எனக்குத் தினம் தோன்றுகிறது. டயரில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ல் 23-ஆம் வாரம் செய்தது, பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய ரப்பரை நம்பாதே. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துவராது. பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடு, பெரிய செலவில்லை. வண்டியில் பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் திருப்பாதே. இதில் ஏர்பேக் கிடையாது, அது உனக்கே தெரியும். குட்டியை முன்சீட்டில் உட்கார வைக்காதே, எவ்வளவு அழுதாலும் வைக்காதே.

பிரேக் ஆயில் பார்த்தாயா? டப்பாவில் அளவு இருந்தால் மட்டும் போதாது, நிறம் பார். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்ற வேண்டும். கறுத்திருந்தால் இந்த வாரமே மாற்று.

காகிதங்களுக்கு வருகிறேன். ஆர்.சி. உன் பெயருக்கு மாறிவிட்டதா? பெயர் மாற்றுகிற ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிடாதே. பெயர் மாறினால்தான் வண்டி உன்னுடையது. எஃப்.சி., அதுதான் தகுதிச் சான்று, 2028 வரை இருக்கிறது என்றாய். அதற்கப்புறம் புதுப்பிக்கிற கட்டணம் இருபது வருடம் தாண்டிய காருக்குப் 10,000 ரூபாய், 2025 ஆகஸ்டில் ஏற்றிவிட்டார்கள், இப்போதே ஒதுக்கி வை. ஆர்.சி.யில் எந்த முகவரி போட்டிருக்கிறாய்? இன்சூரன்ஸில் ஓட்டுபவர் விபத்துக் காப்பு 15 லட்சம் இருக்கிறதல்லவா, அதில் நாமினி பெயர் கேட்பார்கள். யார் பெயர் கொடுத்தாய்? முகவரி எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி முன்பைவிடப் பரவாயில்லை. தை மாதம் சின்ன மாமா பெண்ணுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க எந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று மாமா கேட்டார், நீயே ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்வாய் என்று சொல்லிவிட்டேன். மழை நன்றாகப் பெய்கிறது. கறுத்த ரோட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் எவ்வளவு ஆழம் என்று தெரியாது, முன்னால் போகிற வண்டி போனதென்று நீயும் இறக்காதே. பிரேக் நனைந்தாலும் பிடிக்காது. பிரேக் ஆயில் பார்.

இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உனக்கு எரிச்சலாக இருக்கும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது வருடமாகச் சொல்லவில்லை.

ஏற்காடு விபத்தை உனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரிதான் நம் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். மலை இறங்கும்போது எதிரே பஸ் அடித்துக்கொண்டு வந்தது, அப்பா சமயோசிதமாக மலைப் பக்கம் திருப்பினார், அம்மாவுக்குக் காறை எலும்போடு போயிற்று, பள்ளத்தில் விழாமல் தப்பித்தோம் என்று. பஸ் வந்தது நிஜம். அது தன் பக்கத்தில்தான் வந்தது, பாப்பா. அந்த டிரைவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

அதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே பெடல் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டறை பாய் பார்த்துவிட்டு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது சார், கிட் மாற்றணும், அரை நாள் விடுங்கள் என்றார். தொண்ணூறு ரூபாய் சாமான். மலைக்குப் போய்விட்டு வந்து வண்டியை விடுகிறேன் என்றேன். மூன்று வருடமாக அம்மாவிடம் இந்த மே, அடுத்த மே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் பெரிய மாமா அப்போது புது மாருதி வாங்கியிருந்தார், பழைய ஃபியட்டை வாங்கி ஏன் மாட்டிக்கொண்டீர்கள் என்று எல்லோர் எதிரிலும் கேட்டார், ஒரு குறையும் இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். அதற்கப்புறம் பட்டறையில் நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? நீங்கள் எழுந்திருக்கும் முன் விடியற்காலையில் பானெட்டைத் தூக்கி, குறைந்த அளவுக்கு ஆயில் ஊற்றி, துணியால் துடைத்து மூடிவிடுவேன். தினமும் ஒரு டார்ச் வெளிச்சத்தில் அதைச் செய்தேன். டார்ச் பிடிக்க உன்னைக் கூப்பிடவில்லை.

அந்த மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஃபியட்டுக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், கீழே இறங்க இறங்கச் சூடேறும், அதோடு ஆயிலும் கசிந்து போயிருந்தது. எத்தனையாவது வளைவு என்று தெரியவில்லை, மிதித்தேன், பெடல் தரைக்குப் போய்விட்டது. இரண்டு தடவை மிதித்தேன். கியரைக் குறைத்தேன். அப்புறம் மலைச் சுவரில் உரசினேன், அதைத்தான் சமயோசிதம் என்கிறார்கள். நீ பின்சீட்டில் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

வண்டியை எடுத்துப் போக பாய்தான் வந்தார். டிக்கியைத் திறந்தபோது மூன்று காலி பிரேக் ஆயில் டப்பா உருண்டு கிடந்தன. என்னைப் பார்த்தார். மூன்றையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கடைசி வரை ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. அம்மா இன்றும் இடது கையை முழுவதுமாகத் தூக்கி மேல் பரணில் இருப்பதை எடுக்க முடியாது, எதையாவது எடுக்க வேண்டிவரும்போதெல்லாம் நான் எழுந்து போய் எடுத்துக் கொடுப்பேன், உங்களுக்கு நான் அன்பான புருஷனாகத் தெரிந்திருக்கும். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். விடியற்காலையில் பானெட் மூடும் சத்தம் கேட்காமலா இருந்திருக்கும்? அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உனக்கு எழுதி முடித்ததும் அவளிடம் சொல்லப்போகிறேன்.

நாமே பார்த்துப் பிடித்து வாங்கிய வண்டியில் பழுது என்றால் வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது. உன்னை நான் ஒன்றும் கேட்க மாட்டேன், யார் கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன், பெரிய மாமாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஸ்பானர் பெட்டியோடு வருகிறேன். அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். பிரேக் கிட்டும் கூலன்ட்டும் இங்கேயே வாங்கிவிட்டேன், பெல்ட்டைப் புதுப்பேட்டையில் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். வேலை முடிய இரண்டு நாள் ஆகும், ஒரு பாய் போதும் எனக்கு, ஹாலில் படுத்துக்கொள்வேன். குட்டிக்கு டார்ச் பிடிக்கிற வயது வந்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோக்காரரிடம் எந்த முகவரி சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதி அனுப்பு.

அப்பா