கொள்முதல் குழுவுக்கு: 32 பேரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கல்லூரிக் கொள்முதல் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்ப்பவனின் வணக்கம்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த புதிய சர்வரால் ஏப்ரல் மாத ஜாவா செய்முறைத் தேர்வில் என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். துறைத் தலைவர் கடிதம் கொடுத்திருக்கிறார், நானும் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். அந்தப் பெண் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். பத்து மணிக்குத் தேர்வு. பத்தரைக்கெல்லாம் புரோகிராமைத் தாளில் எழுதி முடித்து, திரையிலும் அடித்துவிட்டாள். அப்புறம் கம்பைல் கொடுத்தாள், அதாவது புரோகிராமை ஓடும் வடிவுக்கு மாற்றச் சொன்னாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "சார், எதையாவது தப்பா அழுத்திட்டனா?" என்று கேட்டாள். அவள் எதையும் தப்பாக அழுத்தவில்லை. அதே நேரத்தில் 32 பேரும் கம்பைல் கொடுத்திருந்தார்கள். எல்லோருடைய வேலையையும் செய்யும் சர்வரில் நான் பார்த்தபோது, அதன் பிராசஸரில் வேலை செய்யும் நான்கு பகுதிகளும், அதாவது நான்கு கோரும், முழுவதுமாக நிரம்பி, மெமரி தீர்ந்து, டிஸ்கில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி ஆகியும் அவளுக்கு அவுட்புட் வரவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விதிப்படி அவுட்புட் மதிப்பெண்ணைப் போடவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. தாளில் இருந்த புரோகிராமை நான் படித்துப் பார்த்தேன். ஓர் அரைப்புள்ளிகூடத் தப்பில்லை.

மதர்போர்டு பழுதாகிப் போய்விட்ட பழைய சர்வரில் இரண்டு இன்டெல் ஸியான் இ5-2670 பிராசஸர்கள் இருந்தன. 2012-இல் வந்த பிராசஸர் அது. ஒவ்வொன்றிலும் 8 கோர், ஒரு கோருக்கு 2 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலை. இரண்டையும் சேர்த்தால் 32 த்ரெட். நம் லேபில் 32 இருக்கை. மெமரி 64 ஜிபி. அதற்குப் பதிலாக நீங்கள் வாங்கிக் கொடுத்தது இன்டெல் என்100 உள்ள சின்னப் பெட்டி. 4 கோர், 4 த்ரெட், 16 ஜிபி மெமரி. ஒரு கோருக்கு எட்டுப் பிள்ளைகள். மெமரியை 32-ஆல் வகுத்தால் ஆளுக்கு 512 எம்பி, அதிலும் லினக்ஸ் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். மெமரியைக் கூட்டிக்கொள்ளலாம் என்றால் அதுவும் இல்லை. அந்த பிராசஸருக்கு இன்டெல் சொல்லும் உச்ச அளவே 16 ஜிபிதான்.

உங்கள் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்தேன். பழையது 2.6 கிகாஹெர்ட்ஸ், புதியது 3.4 கிகாஹெர்ட்ஸ். பழையது 115 வாட் இரண்டு, புதியது 6 வாட். விலையும் குறைவு. இதை மட்டும் பார்த்தால் யாரும் புதியதைத்தான் டிக் செய்வார்கள். அந்த 3.4 என்பது டர்போ வேகம், அதாவது உச்ச வேகம்; சூடும் மின்சாரமும் அனுமதிக்கும் வரைதான் நிலைக்கும். ஏப்ரல் வெயிலில் ஏசி இல்லாத முதல் மாடியில், மூன்று மணி நேரம் நான்கு கோரும் ஓடினால் நிலைக்காது.

என்100 மோசமான பிராசஸர் என்று நான் சொல்லவில்லை. 2023-இல் வந்தது, நல்ல பொருள். ஓர் ஆள், ஒரு வேலை என்றால் அந்தப் பழைய ஸியானைவிட அதுதான் விரைவாக முடிக்கும்.  32 மேசையிலும் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தால் உங்களுக்கு மாலை போட்டிருப்பேன். ஆனால் நம் மேசைகளில் இருப்பது தின் கிளையன்ட். அவை வெறும் திரைதான், வேலை முழுக்க சர்வரில் நடக்கிறது. காசிமேட்டில் ஃபைபர் படகு விசைப்படகைவிட விரைவாகத் துறைமுகத்தை விட்டு வெளியேறும். அதற்காக ஒரு வாரக் கடலுக்கு வேண்டிய ஐஸும் ஆளும் அதில் ஏறுமா? ஸியான் ஒவ்வொன்றுக்கும் மெமரியோடு பேச நான்கு வழி, என்100-க்கு ஒரே வழி. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான கேஷ் 20 எம்பி எங்கே, 6 எம்பி எங்கே. கூட்டம் சேரும்போதுதான் இந்த வித்தியாசம் தெரியும். ஒரே ஆளை வைத்து டெமோ காட்டினால் தெரியாது. உங்களுக்கு டெமோ காட்டியது ஒரே ஆள்தான்.

மின் கட்டணம் என்றீர்கள். சரி, கணக்குப் போடுவோம். பழைய சர்வர் மொத்தமாக 300 வாட் இழுத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு 0.9 யூனிட். ஒரு யூனிட் மின்சாரம்கூட ஆகாத இடத்தில் ஒரு பெண்ணின் அவுட்புட் மதிப்பெண் போயிருக்கிறது. இராத்திரியில் அணைத்துவிட்டுப் போகச் சொன்னால் நான் அணைத்துவிட்டுப் போகிறேன்.

கூட்டத்தில் ஒருவர், "நம்ம ஏரியா பசங்களுக்கு இது போதாதா?" என்று கேட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பலை எண்ணூர்க் கழிமுகமும் சுற்றியுள்ள ஊர்களும் எத்தனை வருஷமாகச் சுமக்கின்றன! மணலிப் புகையை யார் சுவாசிக்கிறார்கள்? ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் இடத்துப் பிள்ளைகளிடம் வந்து வாட் கணக்குப் பேசுகிறோம். குடிதண்ணீர், பஸ், நூலகம் எல்லாவற்றிலும் கேட்ட அதே "போதாதா" இப்போது லேபுக்குள்ளும் வந்துவிட்டது. போதாது ஐயா. தேர்வு அன்றைக்குப் போதவில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த சர்வரை எங்கள் லேபில், 32 பேரை ஒரே நேரத்தில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் ஜாவா கம்பைல் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இன்டெல் ஸியானோ ஏஎம்டி எபிக்கோ, கொட்டேஷனில் என்ன பெயர் இருந்தாலும் சரி, 32 பேரைத் தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். இப்போதைய சின்னப் பெட்டியை வீணாக்க வேண்டாம். ஆபீஸில் வருகைப் பதிவுக்கும் பிரிண்டருக்கும் அருமையாக ஓடும். அந்த மாணவியின் பேட்சுக்கு மறுதேர்வு கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதமும் தயவுசெய்து அனுப்புங்கள்.

சோதனைக்கான புரோகிராமை எழுதி பென் டிரைவில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் லேப் காலியாக இருக்கும். நீங்கள் வருவதானால் சாவியோடு காத்திருப்பேன்.

மரியாதையுடன்,
லேப் அசிஸ்டென்ட், கணினி அறிவியல் துறை
வட சென்னை