நூறு ரூபாய்த் தாளும் என் எழுத்தும்

அன்புத் தோழிக்கு,

இங்கு மொரீஷியஸில் அனைவரும் நலம். ரீயூனியன் தீவில் நீயும் வீட்டாரும் நலம்தானே? உன் மகள் சனிக்கிழமைதோறும் தமிழ் படிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். மனம் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வரும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தே தீருவேன் என்கிறார்.

மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் என் தமிழ்ப் பட்டப்படிப்பு முடியப் போகிறது. இலக்கணமும் சங்கப் பாடல்களும் படித்தேன். ஆனால் என்னை மாற்றியது கட்டுரை வகுப்புதான். மொரீஷியஸில் நாம் தமிழ் எழுதிப் பழகிய விதம் உனக்குத் தெரியும். வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், பத்திரிகை பிரெஞ்சில், பரீட்சை ஆங்கிலத்தில். தமிழை நாம் கேட்டதெல்லாம் கோயிலிலும் விழா மேடையிலும்தான். அதனால் பேனாவை எடுத்ததுமே 'தேனினும் இனிய', 'வான்புகழ் கொண்ட' என்று மேடைப் பேச்சுதான் வரும்.

போன வருடம், நம் பணத்தாளில் தமிழ் என்று ஒரு தலைப்பு கொடுத்தார்கள். 1998 நவம்பரில் வந்த புதிய தாள்களில், அதுவரை இந்திக்கு முன்னால் இருந்த தமிழ் வரியை இந்திக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், மறு வருடமே அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே அச்சிட்டார்கள். நமக்கு அப்போது விவரம் புரியாத வயது. என் முதல் வரைவை வாசித்த ஆசிரியை, ஓரத்தில் பென்சிலால் 'இதை யாரிடம் கேட்டாய்?' என்று மட்டும் எழுதித் தந்தார்.

கேட்கப் போனேன். ரோஸ் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கல்லாவிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பலகைமேல் நீவி வைத்தார். அதில் நம் நாட்டுத் தமிழ் அரசியல்தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் படம் இருக்கிறதல்லவா? "படத்தில் நம் சீனிவாசன் ஐயா, அவர் மொழிக்கு மட்டும் பின்வரிசையா என்று வயிறு எரிந்தது" என்றார். அதையும் கிரியோலில்தான் சொன்னார். அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆனால் தமிழ் வரி எது என்று, தாளைப் பார்க்காமலே விரல் வைத்துக் காட்டினார்.

அந்த விரலை எழுதினேன். 'வான்புகழ்' எல்லாம் தானாகவே உதிர்ந்துவிட்டது. வாசிக்கத் தெரியாத ஒரு மொழிக்காக ஒரு மனிதருக்கு வயிறு எரிகிறது என்றால், அதற்குமேல் நான் கூட்டிச் சொல்ல என்ன இருக்கிறது? இப்போதெல்லாம் எழுதியதை உரக்கப் படித்துப் பார்க்கிறேன். என் குரலில் ஒட்டாத வரியை எடுத்துவிடுகிறேன்.

இன்னொன்றும் போய்விட்டது: தமிழ்நாட்டில் பிறந்தவள்போல் எழுத வேண்டும் என்ற நினைப்பு. காவிரியை நான் பார்த்ததில்லை. கரும்புக் காட்டுக்கு நடுவே கறுப்புப் பாறைகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். நிலத்தைத் திருத்த அவற்றைப் பொறுக்கிச் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அந்தக் கற்களைப் பற்றித்தான் அடுத்த கட்டுரை. உன் பாட்டி தோட்ட வேலை பற்றிச் சொன்னவற்றை, நினைவில் இருக்கும்வரை எழுதி அனுப்பு. சின்னச் சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

பணத்தாள் கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதே. எந்த இடத்தில் சலித்தது என்று சொல், அந்த இடத்தை மறுபடி எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி