அது பொம்மைக் கண்காட்சி இல்லை சார்

ஆசிரியருக்கு,

ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், சின்னச் சின்னப் படை உருவங்களை மேஜையில் நகர்த்திப் பழைய சண்டைகளை ஆடிப் பார்க்கும் போர் ஆட்டக் கண்காட்சி நடந்ததே, அதைப் பற்றி நாலு வரிச் செய்தி போட்டு, ‘பொம்மைக் கண்காட்சி’ என்று தலைப்பும் வைத்துவிட்டீர்கள். கீழக்கரையிலிருந்து காலையிலேயே பஸ் ஏறிப் போய், சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தவன் சொல்கிறேன், தலைப்பு சரியில்லை. 1824இலேயே ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க எடுத்துக்கொண்ட ஆட்டம் இது.

என்னைக் கூட்டிப்போனது அக்கா மகன். வாட்டர்லூ மேஜையை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன், நெப்போலியன் தோற்பது எல்லாருக்கும் தெரிந்த கதைதானே. கால் நின்றது 1772 மேஜையில். ஆற்காடு நவாபின் படையும் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையும் சேர்ந்து வந்து நம் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்து, சிறுவனாக இருந்த மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைத் திருச்சியில் கொண்டுபோய்ச் சிறைவைத்தார்களே, அதே சண்டை. ஆள்கள் 28 மில்லிமீட்டர் உயரம்தான். ஆனால் மறவர் ஒருவர் கையில் இருந்த வளரி, அந்த வளைந்த எறி ஆயுதம்! ஃபியூஸ் கம்பியை வளைத்துத் தட்டிச் செய்திருக்கிறார்கள். குனிந்து தொடப் போனேன், “மாமா, கையை எடுங்க, பெயிண்ட் காயல” என்று அதட்டுகிறான் மருமகன்.

கட்டம் கிடையாது, டேப் வைத்து அளந்துதான் படையை நகர்த்த வேண்டும். குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும், சரி. அப்புறம் அடிபட்ட படைக்கு இன்னொரு தடவை உருட்டுகிறார்கள், அது நிற்குமா ஓடுமா என்று பார்க்க. அன்றைக்கு ஆட்டத்தில் பீரங்கியை அழகாகக் கொண்டுபோய்ச் சுவருக்கு எதிரே நிறுத்தியாயிற்று, பக்கத்தில் காவலுக்கு நின்ற நவாபின் குதிரைப்படை அந்த நேரம் பார்த்துக் கலைந்து ஓடுகிறது. கும்பினி பக்கம் ஆடிய கல்லூரிப் பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கோட்டை தப்பித்தது! மண்டபத்தில் ஒரே கைதட்டல், நானும்தான்.

ஒரு குறை. கோட்டையைச் சுற்றிச் சீமைக்கருவேலமாக நட்டு வைத்திருந்தார்கள். தம்பிகளா, அந்த மரம் நம் பக்கம் வந்தது இந்தச் சண்டை முடிந்து நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து. பனையும் உடைமரமும் வையுங்கள். சட்டைப் பொத்தானுக்குக்கூட அவ்வளவு மெனக்கெட்டவர்கள் மரத்திலா கோட்டை விடுவது? தலைப்பாகை எப்படிக் கட்டினார்கள் என்று கூகுளில் தேடினார்களாம். அதே ஊரில் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரில் சேதுபதி படை தஞ்சை மராட்டியரோடு மோதுவது ஓவியமாகவே இருக்கிறது, போய்ப் பார்க்க வேண்டியதுதானே. அடுத்த கண்காட்சியை அங்கேயே வைக்கத் தொல்லியல் துறை இடம் கொடுத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கூட்டி வரலாம். நீங்கள் எழுதினால் கேட்பார்கள்.

அப்படியே ஒரு கடல் மேஜையும் போடச் சொல்லுங்கள். டச்சுக்காரர்கள் எங்கள் ஊரில் பண்டகசாலை வைத்திருந்தவர்கள், அவர்கள் கப்பலும் நம் தோணியும் இல்லாமல் இந்தக் கரையின் கதை ஏது? காற்றுக்குப் பகடை வேண்டாம். மாசத்தைச் சொன்னால் போதும், கச்சானா வாடையா என்று எங்கள் ஆள்களே சொல்லிவிடுவார்கள்.

– ஒரு வாசகர், கீழக்கரை