நூலகர் சங்கம், கடலூர்: ஞாயிறு பயிற்சி அறிவிப்பு

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் சங்கத்தின் செய்முறைப் பயிற்சி வரும் ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை, மஞ்சக்குப்பத்தில் நாம் வழக்கமாகக் கூடும் அரங்கில் நடைபெறும்.

1. பட்டியலாக்கம்: உ.வே.சா.வின் பெயர் ஒரே கணினிப் பட்டியலில் 'சாமிநாதையர்', 'சாமிநாத ஐயர்', 'சுவாமிநாதையர்' என்று மூன்று தலைப்புகளில் சிதறிக் கிடந்தால், தேடி வரும் வாசகருக்கு நூல்களில் ஒரு பகுதிதான் கண்ணில் படும் என்பதால், இத்தகைய ஐந்து பெயர்களையாவது தங்கள் நூலகப் பட்டியலிலிருந்து குறித்து வரவும். பெரும்பகுதி நேரம் இதற்கே.

2. பாதுகாப்பு: கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டினால் அதன் பசை நாளடைவில் பழுப்பேறி எழுத்தையும் கெடுத்துவிடும். ஆகவே, மெல்லிய, ஆனால் உறுதியான ஜப்பானியத் தாளும் மாவுப்பசையும் கொண்டு ஒட்டும் முறை செய்து காட்டப்படும். பழகிப் பார்க்கக் கழித்த இதழ் ஒன்றைக் கொண்டு வரவும். அரிய நூல்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

3. இணைய வளம்: ஸ்கேன் செய்ய நினைக்கும் நூல், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஏற்கெனவே உள்ளதா என்று முன்னதாகவே பார்த்துவிடவும்.

4. வருகையையும், மடிக்கணினி கொண்டு வர இயலுமா என்பதையும் வியாழன் மாலைக்குள் இக்குழுவிலேயே பதிவிட வேண்டுகிறேன்.

செயலாளர்