முப்பது பாத்திக்கு ஒரே குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களில் சமூகத் தோட்டம், அதாவது ஒரே நிலத்தில் ஆளுக்கொரு பாத்தியாகப் பலரும் பயிரிடும் தோட்டம், அமைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிழல், நல்ல காற்று, நஞ்சில்லாத காய்கறி எல்லாம் சரி. ஆனால் செடி நட்டாலே அக்கம்பக்கத்தார் உறவாகிவிடுவார்கள் என்பது போல எழுதியிருந்தது கொஞ்சம் இடித்தது. ஆறு ஆண்டுகளாக அப்படி ஒரு தோட்டத்தில் பாத்தி வைத்திருக்கிறேன். எங்களைச் சேர்த்தது செடி இல்லை, தண்ணீர்க் குழாய்.

முப்பது பாத்திக்கு ஒரே குழாய். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நாலைந்து பேர் பூவாளியோடு நிற்போம். முதலில் பேசியதெல்லாம் சண்டைதான்: குழாயை மூடாமல் போனது யார், ஹோஸைச் சுருட்டாமல் விட்டது யார். அப்புறம் முறை வைத்தோம். முறை என்று வந்தால் வெளியூர் போகிறவர் தன் பாத்தியை யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். பல வருடம் எதிர் வீட்டில் இருந்தும் பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம், "நாலு நாளைக்கு என் தக்காளியைப் பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். திரும்பி வந்தபோது செடிக்குக் கொம்பு ஊன்றிக் கட்டியே வைத்திருந்தார். நான் கட்டியிருந்த லட்சணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். இப்போது என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம்தான் இருக்கிறது.

வெள்ளரிக்கும் இதில் பங்கு உண்டு. காய்த்தால் ஒரே வாரத்தில் மொத்தமாகக் காய்த்துத் தள்ளும், வைத்திருந்தால் முற்றிவிடும். வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு சொட்டுநீர்க் குழாய் போடலாம் என்று பேச்சு வந்தபோது, எல்லாரும் வீட்டோடு இருந்துவிடுவார்கள் என்று எதிர்த்தேன். வாக்கெடுப்பில் தோற்றேன். ஆனால் பூவாளி தூக்க முடியாமல் பாத்தியை விட்டுப்போன இரண்டு முதியவர்கள் திரும்பி வந்தார்கள். அந்த அளவுக்கு என் வாதம் தவறுதான். காலையில் கூட்டம் குறைந்ததும் உண்மை. அதனால் மட்கு உரக் குவியலைப் புரட்டும் வேலையை மட்டும் கூலிக்கு விடக் கூடாது என்று இப்போது அடம்பிடித்துக்கொண்டிருக்கிறேன். அது ஒற்றை ஆள் வேலை இல்லை.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, நிலம் யாருடையது என்பது. நியூயார்க்கில் 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்ணும் அவருடைய நண்பர்களும் குப்பை மண்டிய ஒரு காலிமனையைத் தோட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டே மாநகராட்சி அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் அதே நகரத்தில் 1999-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை மாநகராட்சி ஏலம் விடப் போனது. மக்கள் தெருவில் இறங்கிப் போராட, கடைசி நேரத்தில் இரண்டு தொண்டு அமைப்புகள் விலை கொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. காலிமனையாகக் கிடந்தவரை யாரும் திரும்பிப் பார்க்காத இடம், பச்சை பிடித்ததும் விலை ஏறிவிடுகிறது.

எங்கள் இடத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அனுமதிதான். ஒவ்வொரு முறையும் அது வந்து சேரும்வரை யாரும் மரக்கன்று வைப்பதில்லை, கீரை மட்டும்தான் விதைக்கிறோம். அடுத்து இதைப் பற்றி எழுதுகிறவர் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்